“முதுகு வலிக்குதும்மா!”

போன வருஷம் தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். தோசைக்கல்லை அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து என் சின்ன மகன் கூப்பிட்டான். “அம்மா, முதுகு வலிக்குதும்மா!”

“நாள் பூரா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தா வலிக்காம என்ன செய்யும்? இரு, தைலம் தேய்ச்சு விடறேன்” என்றேன். பட்சணம் தின்ற வாயு என்றார் மாமியார். மோரில் பெருங்காயம் கலந்து கொடுத்தோம். இப்படியே 15 நாள் ஓட்டிவிட்டேன். அந்த 15 நாளுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

அவனுக்கு இப்போது 15 வயது. ‘டூஷேன் தசைநலிவு’ என்று ஐந்து வயதில் கண்டுபிடித்தார்கள். தரையிலிருந்து எழுந்தால் தொடையில் கையை ஊன்றி, தன் மேல் தானே ஏறுகிற மாதிரி எழுவான். மாடிப்படி ஏறத் திணறுவான். கெண்டைக்கால் மட்டும் கொழுகொழுவென்று இருக்கும். “பயில்வான் கால்” என்று நாங்கள் சிரித்ததை நினைத்தால் இன்றும் மனசு அறுக்கிறது. தசையைக் காக்கிற டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடம்பில் உண்டாகாததால் வருகிற நோய் இது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும். தாய் வழியாக வரலாம். ஆனால் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குத் தாயிடம் எந்தக் குறையும் இல்லாமல் புதிதாகவே வருகிறது. ஆகவே, ‘உன் வீட்டு வழியா, என் வீட்டு வழியா’ என்று சண்டை போடுவதில் பிரயோஜனமில்லை. எங்கள் வீட்டிலும் அந்தச் சண்டை நடந்து ஓய்ந்தது.

எலும்பு ஏன் இளைக்கிறது?

வலி நிற்காமல் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதுகைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன!

“இவன் எங்கேயும் விழவே இல்லையே டாக்டர்!”

“விழணும்னு இல்லேம்மா. எலும்புன்னா காரைச் சுவர் மாதிரி, ஒரு தரம் கட்டினா நிக்கும்னு நினைக்கிறீங்க. அது தினமும் கரைஞ்சு, தினமும் கட்டப்படற சமாச்சாரம். தசை இழுக்கணும், உடம்பு பாரம் தாங்கணும். அப்பதான் கெட்டிப்படும். இவனுக்குத் தசையிலே பலமில்லே, நடையும் இல்லே. அதோட ஸ்டீராய்டு மாத்திரை வேற” என்றார் டாக்டரம்மா.

அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெட்னிசொலோன், டெஃப்ளசகார்ட் என்று இரண்டு வகை கொடுக்கிறார்கள். தசை தளர்வதைச் சில வருஷம் தள்ளிப்போடும். முதுகு கோணுவதையும் குறைக்கும். மாத்திரை இல்லாத பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 12 வயதோடு நடை போய்விடும். என் பிள்ளை 13 வரை நடந்தான். ஆனால் அதற்கு ஈடாக உயரம் குறையும், வயசுக்கு வருவது தள்ளிப்போகும், எலும்பு இளைக்கும்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அன்று இரவே மாத்திரைகளை அலமாரிக்குள் ஒளித்து வைத்தேன். மறுநாள் காலையில் என் கணவர் டாக்டருக்குப் போன் செய்தாரோ, பிழைத்தோம். பல வருஷம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு, தானாக அந்தச் சுரப்பைச் சுரப்பதைக் குறைத்துவிடுமாம். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாமாம். கேட்டதும் என் கைகால் நடுங்கிவிட்டது.

வைட்டமின் டி, கால்சியம் அளவுகளைச் சரிசெய்த பிறகு, பல்லையும் பரிசோதித்துவிட்டு, ஜோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார்கள். முதல் தடவை இரண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி. பிறகு முதுகு வலி மெல்ல மெல்லக் குறைந்தது.

வீட்டில் நான் கடைப்பிடிப்பவை

* முதுகு வலி என்றால் தைலம் தேடுவதில்லை, டாக்டரைத்தான் தேடுகிறேன். சில பிள்ளைகளுக்கு எலும்பு நசுங்கினாலும் வலியே இருக்காதாம். அதனால் வலி இல்லாவிட்டாலும், டாக்டர் சொல்லும் தவணையில் முதுகு எக்ஸ்ரேயும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் எடுத்துவிடுகிறோம்.

* கேழ்வரகு, பால், தயிர், எள்ளுப்பொடி, கீரை தினமும் ஏதாவது உண்டு. கொஞ்ச நேரம் வெயிலும் உண்டு. வைட்டமின் டி மருந்து, ரத்தம் பார்த்து டாக்டர் சொல்கிற அளவுதான். ஸ்டீராய்டு அகோரப் பசியைக் கொடுக்கும். எடை ஏறினால் தளர்ந்த தசைக்குச் சுமை. ஆகவே முறுக்கு டப்பா மேல் தட்டுக்குப் போய்விட்டது.

* சக்கர நாற்காலியில் பெல்ட் போடாமல் வாசற்படி தாண்டுவதில்லை. குளியலறைத் தரை எப்போதும் உலர்ந்திருக்கும். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்குகிறோம்.

* சுளுக்கு எடுக்கிறேன், நீவி விடுகிறேன் என்று வருபவர்களுக்கு ஒரு கும்பிடு! குதிகால் நரம்பு இறுகாமலிருக்க, பிசியோதெரபி அம்மா சொல்லிக் கொடுத்தபடி மெதுவாக நீட்டி விடுகிறேன், அவ்வளவுதான்.

* விழுந்தோ எலும்பு முறிந்தோ, அதன் பிறகு மூச்சு வாங்கினாலும் பேச்சுக் குழறினாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. எலும்பிலுள்ள கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போனதும் ‘ஸ்டீராய்டு சாப்பிடுகிற பிள்ளை’ என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பொங்கலுக்கு என் தங்கை மகன் வந்திருந்தான். இவனைவிட இரண்டு வயது சின்னவன், ஒரு முழம் உயரம். அவன் போன பிறகு இவன் கேட்டான், “நான் ஏம்மா வளரலை?”

மறைக்கவில்லை. “அந்த மாத்திரை உன் உயரத்தை எடுத்துக்கிட்டு, நடையைக் கொஞ்ச வருஷம் கொடுத்துதுடா கண்ணா” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். “பரவாயில்லேம்மா. நாற்காலியிலே உட்கார்ந்தா யாருக்கும் உயரம் தெரியாது” என்று சிரித்தான். நான் அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

சகோதரிகளே, இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அவன் ‘வலிக்குது’ என்று சொன்ன அன்றே காது கொடுத்துக் கேளுங்கள். நான் 15 நாள் கழித்துத்தான் கேட்டேன்.