மருந்து தந்த கையே காயப்படுத்தினால்...

இப்போதெல்லாம் வீட்டில் ஒரு பிரச்னை என்றால், 'கவுன்சலிங் போய்ப் பாரேன்' என்று சொல்வது சகஜமாகி விட்டது. நல்ல விஷயம்தான். உடம்பைப் போல மனசுக்கும் நோவு வரும், அதற்கும் வைத்தியம் உண்டு என்று நம் பெண்களுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஆனால், வைத்தியம் பார்க்க உட்கார்ந்தவரே வரம்பு மீறி நடந்தால் என்ன செய்வது? இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்குத் தங்கை முறை ஆகும் ஒரு பெண். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர் வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. காரணமே இல்லாமல் அழுகை. ஒரு ஆலோசகரிடம் அழைத்துப் போனார்கள். முதல் சில வாரம் நன்றாகவே தேறினாள். பிறகு அந்த மனிதர், எல்லாரும் போன பிறகு கடைசியாக வரச் சொல்லியிருக்கிறார். ஃபீஸ் வேண்டாம் என்றிருக்கிறார். தன் வீட்டுக் கஷ்டத்தை எல்லாம் இவளிடம் கொட்டியிருக்கிறார். ராத்திரியில் போனில் மெசேஜ் வேறு. 'உன்னைப் புரிஞ்சுக்க என்னை விட்டா யாரும் இல்லை' என்ற பேச்சு. கடைசியில், 'இதுவும் சிகிச்சைதான்' என்று சொல்லித் தொட ஆரம்பித்திருக்கிறார்.

போவதை நிறுத்தி விட்டாள். ஆனால், விஷயம் அதோடு முடியவில்லை. பல் வலி என்றால்கூட டாக்டரிடம் போக மாட்டேன் என்றாள். குழந்தைக்கு ஒன்பதாம் மாத தடுப்பூசி போட மாமியார்தான் தூக்கிக்கொண்டு போனார். "அவர் போன் பண்ணினப்போ நானும்தானே பேசினேன், என் மேலேயும் தப்பு இருக்குக்கா" என்று ஒரே புலம்பல். வந்த நோய் ஒன்று, வைத்தியத்தால் வந்த நோய் இன்னொன்று என்று ஆகிவிட்டது.

நல்ல வேளையாக, ஒரு அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் ஒரு பெண் உளவியலாளர் கிடைத்தார். ஆறேழு மாதம் துணைக்குப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். அவள் சொன்னதையும், அவள் அனுமதியோடு அந்த மேடம் எனக்கு விளக்கியதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் மேடம் அவள் கதையைக் கேட்கவே இல்லையாம். விதிகளைத்தான் சொன்னாராம். "கதவுக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்கு. முக்கால் மணி நேரம்தான் பேசுவோம். நடுவில் எழுந்து போகணும்னா போகலாம். நான் உங்களைத் தொட மாட்டேன். என் சொந்தக் கதை பேச மாட்டேன். என் மேல சந்தேகம் வந்தா என்கிட்டயே கேளுங்க, கோபப்பட மாட்டேன்."

இதற்கு ஏன் தனி சிகிச்சை என்று கேட்டேன். மற்ற துக்கங்களில், வைத்தியரை நம்பினால் பாதி பாரம் குறையும். இங்கே அடிபட்டதே அந்த நம்பிக்கைதான். நாற்காலி, சாத்திய கதவு, மென்மையான குரல், எல்லாமே பழைய பயத்தைக் கிளப்பும். அதனால் மெதுவாகத்தான் போக வேண்டும் என்றார். ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல டாக்டர் 1992ல் எழுதிய நூலில் மூன்று படிகள் சொல்லியிருக்கிறாராம். முதலில் பாதுகாப்பு உணர்வு வர வேண்டும். அடுத்து, நடந்ததைத் தன் வேகத்தில் சொல்லி, இழந்ததற்கு அழுது தீர்க்க வேண்டும். பிறகு மறுபடி மனிதர்களோடு ஒட்ட வேண்டும்.

அவளை மிகவும் வாட்டியது எது தெரியுமா? அந்த மனிதர் மேல் கோபம் இருந்த அதே மனசில், அவர் பேச்சுக்கான ஏக்கமும் இருந்ததுதான். 'நான் கெட்டவளா?' என்று கேட்டாளாம். "நம்ம வேதனையைக் காது கொடுத்துக் கேக்கறவங்க மேல பாசம் வர்றது இயற்கை. இது எங்களுக்குப் பாடத்திலேயே சொல்லித் தர்ற விஷயம். பஸ்ஸில் பயணி கண் அசரலாம், டிரைவர் அசரக் கூடாது. வரம்பைக் காப்பாத்த வேண்டியது எப்பவும் அவர் பொறுப்புதான்" என்றாராம் மேடம். அன்றைக்குத்தான் அவள் நன்றாகத் தூங்கினாள்.

'ஏன் முதல்லயே சொல்லலை?' என்று கேட்டுக்கொண்டே இருந்த கணவரையும் ஒருநாள் வரவழைத்தார். எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். புகார் கொடு என்று நெருக்கவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. "முடிவு உங்களுடையது" என்றார். அவள் நடந்ததை எல்லாம் தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறாள். இன்னும் யோசிக்கிறாள். நாங்கள் யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஒருநாள் அவளே, "வெளிய சத்தமா இருக்கு, கதவைச் சாத்திக்கலாம் மேடம்" என்றாளாம். ஒன்றரை வயது ஊசிக்குக் குழந்தையை அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கொடுமை இல்லை. நோயாளியின் வீட்டுக்குப் போகும் வைத்தியர் அங்குள்ள ஆண், பெண் யாரிடமும் தகாத உறவு கொள்ளக் கூடாது என்று, 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்க வைத்திய உறுதிமொழியிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1984ல் இதைக் குற்றமாக்கியது. அடுத்த ஆண்டு மின்னசோட்டாவும் சட்டம் போட்டது. கலிபோர்னியாவில், 'முன்பு பார்த்த சிகிச்சையாளர் என்னிடம் தவறாக நடந்தார்' என்று ஒருவர் சொன்னால், உரிமைகளை விளக்கும் அரசு கையேட்டை அவரிடம் கொடுத்தே ஆக வேண்டும்.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. 2002ம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி, நோயாளியிடம் முறைகேடாக நடக்கும் டாக்டர் மீது மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் தரலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 68வது பிரிவு இன்னும் கடுமையானது. ஆஸ்பத்திரி ஊழியரோ, நம்பிக்கைப் பொறுப்பில் இருப்பவரோ அந்த நிலையைப் பயன்படுத்தித் தன் பொறுப்பில் உள்ள பெண்ணை இணங்க வைத்து உறவு கொண்டால், 5 முதல் 10 ஆண்டு வரை கடுங்காவல். 'அவளும் சம்மதிச்சாளே' என்ற பேச்சு இதில் எடுபடாது. தொடுவது, சீண்டுவது போன்றவற்றுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு.

சகோதரிகள் கவனிக்க வேண்டியவை:

* மனநல டாக்டர் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவு எண், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

* ஆண் டாக்டர் உடம்பைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்கும்படி கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்தில் இது இருக்கிறது.

* 'வீட்டில் சொல்லாதே', தனி சலுகை, ராத்திரி மெசேஜ், அவர் கஷ்டத்தை நீங்கள் கேட்கும் நிலை... இவை வந்தால் உஷார்!

* மெசேஜ், ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

* மனசு விட்டுப் பேச 14416 (டெலி மானஸ்), உதவிக்கு 181 (பெண்கள் உதவி எண்). இரண்டும் இலவசம், 24 மணி நேரமும் உண்டு.

ஒருவர் செய்த தவறுக்காக வைத்தியமே வேண்டாம் என்று ஒதுங்கி விடாதீர்கள். ஒரு கடையில் ஊசிப்போன சோறு போட்டான் என்பதற்காக ஆயுசுக்கும் பட்டினி கிடப்போமா? உங்கள் வீட்டுப் பெண்ணோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ இப்படி ஒன்றைச் சொல்ல வந்தால், 'நீ ஏன் போனே?' என்று கேட்காதீர்கள். 'நான் கூட வரேன், வா' என்று சொல்லுங்கள். வெளியே பெஞ்சில் உட்கார ஒரு ஆள் இருந்தாலே, உள்ளே போகும் தைரியம் அவளுக்கு வந்துவிடும்.

- பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி