கழற்றி மாட்ட முடிகிறதா?

“மாமா, கேம்ல ரேஸ் நடுவுல ஸ்கிரீன் அப்படியே நின்னுடுது. 32 ஜிபி ரேம் போட்டாத்தான் சரியாகும்.”

பெரம்பூரில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ப்ளஸ் டூ மாணவன். நான்கு வருடங்களுக்கு முன் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் அது. அப்போது கையைக் கடித்ததால் ஒற்றை 8 ஜிபி ரேமோடு நிறுத்திக்கொண்டோம்.

இப்போது ரேம் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு விலையைக் கேட்டதும் தலை சுற்றும். 2025-ன் பிற்பகுதியில் ஏறத் தொடங்கிய விலை, சில மாதங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள்தான் இந்த சிப்புகளைத் தயாரிக்கின்றன. அவையும் லாபம் கொழிக்கும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டதால், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரும் சரக்கு குறைந்துவிட்டது.

எனவே பர்ஸைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். கேமை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைப் பார்த்தோம். 95 சதவீதம். கேபினெட்டின் முகப்பில் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. ரேமில் இடம் போதாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கைத் துணைக்கு அழைக்கிறது. அது மெதுவானது என்பதால் திரை உறைகிறது. இதே சோதனையில் 60 சதவீதம் காட்டியிருந்தால், எவ்வளவு ரேம் போட்டாலும் காசு வீண். கோளாறு கிராபிக்ஸ் கார்டிலோ வேறெங்கோ இருந்திருக்கும்.

அதே பக்கத்தில் ரேமின் வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்ற விவரமும் கிடைக்கும். எங்களுடையது டிடிஆர்4. இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்கள்தான். ஆனால், நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையாது. இது தெரியாமல் புதியது என்று டிடிஆர்5 வாங்கி வந்து விழிப்பவர்கள் உண்டு.

32 ஜிபி வேண்டும் என்றவனை 16-க்கு இறக்கினேன். ஏற்கெனவே இருக்கும் அதே மாடல், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி. ஒரே அளவில் இரண்டு ரேம் இருந்தால் டூயல் சேனலில் ஓடும். பிராசஸருக்கு ஒரு பாதைக்குப் பதில் இரண்டு பாதை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். புதிய பெரிய கேம்களுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் 32 தேவை என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இவன் ஆடும் கேமுக்கு 16 போதும்.

கடையில், “கம்ப்யூட்டரைக் கொண்டு வாங்க சார், நாங்களே போட்டுத் தர்றோம்” என்றார்கள். வேண்டாம் என்றேன். பையனே போடட்டும்.

பிளக்கைப் பிடுங்கினான். பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி, தேங்கியிருந்த மின்சாரத்தைப் போக்கினான். கேபினெட்டின் இரும்பைத் தொட்டு, கையில் இருக்கும் ஸ்டாட்டிக்கை இறக்கினான். ஸ்லாட்டின் காதைத் தள்ளி, வெட்டுப் பார்த்து ரேமை நிறுத்தி, இரு முனையிலும் கட்டைவிரலால் அழுத்தினான். ‘டக்’.

ஆன் செய்தால் மின்விசிறி சுற்றுகிறது. திரையில் ஒன்றுமே இல்லை. பையன் முகம் வெளுத்துவிட்டது. பழைய ரேமைக் கழற்றிப் பார்த்தால், தங்க நிறப் பட்டைகளில் நான்கு வருட அழுக்கு. பென்சில் பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்து வரச் சொன்னேன். மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஊதி, மறுபடி மாட்டியதும் திரை உயிர்பெற்றது. ஸ்டிக்கரில் 3200 என்றிருந்த ரேம், 2400-ல்தான் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸுக்குள் போய், ரேமை முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை ஆன் செய்தான். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை நான்கு வருடமாக அனுபவிக்காமலே இருந்திருக்கிறான். அன்றிரவு ரேஸ் நிற்காமல் ஓடியது.

அவன் முகத்தில் பார்த்த பெருமிதம்தான் எனக்குள் ஒரு கவலையைக் கிளப்பியது. அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகும்போது லேப்டாப் கேட்பான். அதைத் திறந்து இப்படி ஒரு ரேமை மாட்ட முடியுமா? இன்று வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. கையடக்க கேமிங் கருவிகளிலும் அதே கதை. வாங்கும்போது 8 ஜிபி என்றால் ஆயுளுக்கும் 8 ஜிபிதான். நாளை அந்த ரேம் கெட்டால் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள். ரப்பரால் தீர்ந்த சிக்கலுக்கு அங்கே பல ஆயிரம் ரூபாய். மாற்ற மனமில்லாதவர்கள் நன்றாக இருக்கும் திரையையும் கீபோர்டையும் சேர்த்தே குப்பையில் போடுவார்கள்.

சால்டர் செய்தால் எடை குறையும், பேட்டரி அதிக நேரம் நிற்கும் என்கிறார்கள் பொறியாளர்கள். உண்மைதான். ஆனால், மெல்லிய லேப்டாப்பிலும் ரேமைக் கழற்றி மாட்ட வழிசெய்யும் ‘கேம்2’ என்ற தரநிலை 2023-லேயே வந்துவிட்டது. வாங்குபவர்கள் கேட்டால்தான் அது பரவலாகக் கடைக்கு வரும். விலை இப்படி எகிறும் காலத்தில், இன்று 8 வாங்கிவிட்டு, விலை இறங்கும்போது இன்னொரு 8 சேர்க்கும் உரிமை நடுத்தரக் குடும்பத்துக்கு மிக அவசியம். ஸ்லாட் இல்லையென்றால் அந்த உரிமையும் இல்லை.

பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப் போகும் பெற்றோர்களே, நிறத்தையும் தள்ளுபடியையும் அப்புறம் விசாரியுங்கள். “இதில் ரேம் ஸ்லாட் இருக்கிறதா?” என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், இருக்கும் மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.