கொடுத்த கை ஏன் பின்வாங்குகிறது?

2005ஆம் ஆண்டில், போரினால் இடம்பெயர்ந்து வடக்கிலும் கிழக்கிலும் நலன்புரி நிலையங்களில் வாழ்ந்த கமக்காரக் குடும்பங்கள் பலவற்றின் மனதில் ஒரே கேள்வி இருந்தது. பத்து, பதினைந்து வருடங்களாகத் தறப்பாளின் கீழும் கிடுகுக் கொட்டிலிலும் இருப்பவர்களுக்குக் கிடைக்காத வீடும் கிணறும் கடல் அடித்த ஊர்களுக்குச் சில மாதங்களிலேயே எப்படி வரத் தொடங்கின?

கடற்கரை மக்களின் துயரத்தைக் குறைத்து மதித்துக் கேட்ட கேள்வியல்ல அது. உற்றாரையும் வீடுவாசலையும் ஒரே காலையில் இழந்தவர்கள் அவர்கள். ஆனாலும் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடினால், தொண்டர் நிறுவனங்களை மக்கள் எப்போது நம்புகிறார்கள், எப்போது கைவிடுகிறார்கள் என்பதும் விளங்கும்.

பணத்தில் எழுதியிருக்கும் பெயர்

தொண்டர் நிறுவனத்துக்கு வரும் நன்கொடை இரண்டு வகைப்படும். ஒன்று பொது நிதி. எங்கே தேவை அதிகமோ அங்கே நிறுவனம் அதைச் செலவிடலாம். மற்றது குறித்த நோக்கத்துக்கான நிதி. கொடுத்தவர் எதற்கென்று கொடுத்தாரோ அதற்கு மட்டுமே செலவிட வேண்டும். ஊர்த் திருவிழாவுக்கென்று சேர்த்த காசை எடுத்து வாய்க்கால் திருத்தினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வாய்க்கால் திருத்துவது நல்ல வேலைதான். ஆனால் காசு அதற்கென்று கொடுக்கப்படவில்லையே!

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபின், பாதிக்கப்பட்ட நாடுகளுக்கென்று உலகெங்கும் இருந்து வந்ததும் வாக்களிக்கப்பட்டதுமான உதவி ஏறத்தாழ 1,350 கோடி அமெரிக்க டொலர். இதில் 550 கோடி வரை பொதுமக்களும் தனியாரும் கொடுத்தவை. உதவி நிறுவனங்கள் கூடிச் செய்து 2006இல் வெளியிட்ட மதிப்பீடு ஒரு கணக்கைச் சொன்னது. ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 7,100 டொலருக்கு மேல் நிதி இருந்தது. அதே 2004இல் பங்களாதேசத்தில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்குச் செலவானது 3 டொலர்.

தொலைக்காட்சியில் அலையைக் கண்டவர்கள் அலைக்கென்றே கொடுத்தார்கள். வருடக்கணக்கான இடப்பெயர்வு அப்படி ஒரே நாளில் கண்ணில் படுவதில்லை. ஆகவே அந்தப் பணத்தில் முகாம்களில் இருந்தவர்களின் பெயர் எழுதப்படவில்லை. கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இதுதான்.

அப்படியானால், ஒரு பெயர் எழுதி வந்த பணத்தை வேறொரு தேவைக்குத் திருப்பவே முடியாதா? முடியும். ஆனால் அதை எப்போது, எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. இரண்டு பெரிய நிறுவனங்களின் அனுபவம் இதைக் காட்டுகிறது.

பிந்திச் சொன்னவர்கள்

2001 செப்டெம்பர் 11இல் அமெரிக்காவில் நடந்த தாக்குதல்களுக்குப் பின், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தனியான ஒரு நிதியைத் திறந்தது. சில வாரங்களில் 50 கோடி டொலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள், உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு இது போகும் என்று எண்ணினார்கள். சங்கமோ அதில் ஒரு பெரும் பகுதியை இரத்தச் சேமிப்பு, தொலைத்தொடர்பு வசதி, இனிமேல் வரக்கூடிய தாக்குதல்கள் ஆகியவற்றுக்கென ஒதுக்கி வைக்கத் திட்டமிட்டிருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் திட்டத்தில் யாரும் பணத்தைச் சட்டைப்பையில் போடவில்லை. ஒதுக்கி வைக்க நினைத்த காரணங்களும் மூடத்தனமானவை அல்ல. இருந்தும் செய்தி வெளிவந்தபோது நாடே கொதித்தது. சங்கத்தின் தலைவரை அமெரிக்கப் பாராளுமன்றக் குழு அழைத்துக் கேள்வி கேட்டது. நவம்பர் 14ஆம் திகதி, நிதி முழுவதையும் அந்தத் தாக்குதல்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கே செலவிடுவதாகச் சங்கம் அறிவிக்க வேண்டியதாயிற்று. பணம் எதற்குச் செலவாகும் என்பதைக் கொடுப்பவருக்குத் தெளிவாகச் சொல்லியே இனிச் சேர்ப்போம் என்று 2002இல் புதிய நடைமுறையையும் கொண்டுவந்தது.

முந்திச் சொன்னவர்கள்

எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பைப் போர்க்காலத்தில் பருத்தித்துறை, மட்டக்களப்புப் பகுதிகளில் இருந்தவர்கள் அறிவார்கள். ஆழிப்பேரலை நடந்து இரண்டு வாரம் ஆகுமுன்னரே, 2005 ஜனவரி முற்பகுதியில், அவர்கள் ஓர் அறிவித்தலை விடுத்தார்கள். ஆழிப்பேரலைக்கென்று தங்கள் வைத்திய வேலைக்குத் தேவையான பணம் சேர்ந்துவிட்டது. இனி அதற்கென்று அனுப்ப வேண்டாம் என்றார்கள். வாசலில் வரும் பணத்தை வேண்டாமென்பதா என்று வேறு சில உதவி நிறுவனங்கள் குறைகூறின. கொடுப்போரின் மனம் தளர்ந்துவிடும் என்று அஞ்சினார்கள்.

எல்லைகளற்ற வைத்தியர்களுக்கு அதற்கென மொத்தம் 11 கோடி யூரோ அளவில் வந்திருந்தது. மிஞ்சிய பெரும் தொகையை வேறு துயரங்களுக்குப் பயன்படுத்தலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டார்கள். விரும்பாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார்கள். திருப்பிக் கேட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவிலேதான். அந்தப் பணம் டாபூரில் போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கும், 2005இல் நைஜர் நாட்டில் பசியால் வாடிய பிள்ளைகளுக்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் காஷ்மீர்ப் பகுதியில் நிலநடுக்கத்தில் அகப்பட்டவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

இரு நிறுவனங்களும் செய்ய விரும்பியது ஏறக்குறைய ஒன்றே: ஒன்றுக்கென்று வந்த பணத்தில் ஒரு பகுதியை வேறொன்றுக்குத் திருப்புவது. ஒன்று தன் திட்டத்தைத் தன்னிடமே வைத்திருந்தது. மற்றது கொடுத்தவர்களின் முன் விரித்து வைத்தது. நம்பிக்கை உடைவதற்குக் களவு நடக்க வேண்டுமென்பதில்லை. சொல்லாமல் விட்டாலே போதும்.

துருசைத் திறப்பது யார்?

'நீண்டகாலத் திட்டமிடல்' என்ற சொல் நமக்குக் கந்தோர்ச் சொல்லாகத் தோன்றலாம். உண்மையில் கமக்காரருக்கு இது புதிதல்ல. சிறுபோகத்துக்கு முன் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் விடுவது என்று தீர்மானிக்கிறோம். தண்ணீர் குறைவென்றால் எல்லோரும் குறைவாக விதைக்கிறோம். மனம் வருந்தினாலும் சண்டை வருவதில்லை, கூட்டத்தில் பேசி முடித்த காரியம் என்பதால். யாருக்கும் சொல்லாமல் ஒருவர் இரவில் துருசைத் திறந்தால், அவர் நல்ல நோக்கத்தோடு திறந்திருந்தாலும், அடுத்த நாள் அவரை யாரும் நம்பமாட்டார்கள்.

சேமிப்பு நிதியும் அப்படியே. விதைநெல்லை எடுத்து வைக்காத கமக்காரன் இல்லை. ஒரு நிறுவனமும் அடுத்த ஆபத்துக்கென்று ஒரு பங்கை வைத்திருக்கத்தான் வேண்டும். லொறிக்கு எண்ணெய், கணக்காளருக்குச் சம்பளம் என்று நிர்வாகச் செலவும் இருக்கத்தான் செய்யும். இவற்றை முதலிலேயே சொன்னால் கொடுப்பவர் ஏற்றுக்கொள்வார். பிறகு தானாகக் கண்டுபிடித்தால் மறுமுறை கை நீட்டமாட்டார்.

நாம் செய்யக்கூடியவை

மேலே சொன்ன 2006 மதிப்பீடு இன்னொரு குறையையும் சுட்டியது. நிறுவனங்கள் பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொன்ன அளவுக்கு, பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்களைப் போதியளவு கேட்கவுமில்லை. அதனால் சில கரையோரங்களில் தேவைக்கு மேலாக வள்ளங்கள் வந்து குவிந்தன.

ஆகவே உங்கள் ஊருக்கு உதவி என்று வருபவரிடம் பின்வருவனவற்றைத் தயங்காமல் கேளுங்கள். கேட்பது நன்றிகெட்ட செயல் அல்ல.

1. இந்தப் பணம் எதற்கென்று சேர்க்கப்பட்டது? எங்கள் ஊருக்கு எவ்வளவு?

2. எந்த ஒழுங்கில் வேலை நடக்கும்? எப்போது முடியும்?

3. மிஞ்சினால் என்ன செய்வீர்கள்? போதாவிட்டால் யார் பொறுப்பு?

4. கணக்கை எங்கள் பொதுக்கூட்டத்தில் வாசிப்பீர்களா?

இதே கேள்விகள் நம்மை நோக்கியும் திரும்புகின்றன. இன்று பல ஊர்களின் கமக்காரர் அமைப்புகளுக்கும் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் வெளிநாட்டில் உள்ள உறவினர்கள் பணம் அனுப்புகிறார்கள். உதாரணமாக, நீரிறைக்கும் இயந்திரம் வாங்க 3 இலட்சம் ரூபா சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்துக்கு 2 இலட்சத்து 60 ஆயிரம் முடிந்தது. மீதி 40 ஆயிரத்தில் பொதுக்கிணற்றுக்குக் கட்டுக் கட்டலாம் என்று செயற்குழு எண்ணுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் கல் இறக்குவதற்கு முன், அனுப்பியவர்களுக்கு ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ போகட்டும்: "இவ்வளவு மிஞ்சியது, இதற்குப் பாவிக்கலாமா?" அவர்களின் பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

கட்டு முடிந்தபின் எழுதினால் அது அறிவித்தல். முன்னர் எழுதினால் அது மரியாதை. காணியை இழந்து, சேமிப்பை இழந்து வந்தவர்களிடம் மற்றவர்களின் நம்பிக்கை ஒன்றுதான் பல வேளைகளில் முதலாக இருக்கிறது. வருகிற மாதக் கூட்டத்திலேயே உங்கள் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு தொகையும் எதற்கென்று வந்தது என்று அதன் பக்கத்தில் எழுதிவிடுங்கள். தொடக்கத்துக்கு அது போதும்.