பதிவேட்டில் ஒரு பெயர்: தீவக மாணவரும் உயர்கல்வித் தகவல் முறைமைகளும்

உயர்கல்வி நிறுவனங்களின் தகவல் முறைமைகளை நவீனப்படுத்துதல் பற்றிப் பேசப்படும்போது, வாங்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. இவ்வளவுகோல் போதுமானதன்று. மாணவரின் பெயர் பதிவேட்டில் எவ்வாறு சேமிக்கப்படுகின்றது, வேண்டும்போது அது கிடைக்கின்றதா, தொலைவில் வாழும் மாணவர் அதனை அணுக இயலுமா என்பனவே அடிப்படை வினாக்களாகும். யாழ்ப்பாணத் தீவகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1974 இல் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கி, 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் குடாநாட்டிலே திருநெல்வேலியில் அமைந்துள்ளது. நெடுந்தீவு மாணவர் அங்கு செல்வதற்குப் படகேறிக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, புங்குடுதீவு, வேலணை வழியாகப் பேருந்திற் பயணிக்க வேண்டும். நயினாதீவு மாணவருக்கும் குறிகட்டுவானே வாயில். ஒரு சான்றிதழிலுள்ள எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கும் இத்தூரத்தைக் கடக்க நேரின், அதனால் ஒரு நாள் உழைப்பும் பயணச் செலவும் இழக்கப்படுகின்றன. மீன்பிடியையும் கூலியையும் நம்பிய குடும்பங்களுக்கு இது சிறிய இழப்பன்று.

எழுத்துரு பற்றிய சிக்கலை முதலில் நோக்குவோம். வடபகுதியின் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் பரவலாக வழங்கியது பாமினி எழுத்துருவாகும். திரையில் நாம் காண்பது தமிழே. ஆயின் கணினி சேமிப்பது தமிழன்று. ‘தமிழ்’ என்னும் சொல், ஆங்கிலத்தின் ஜே, கே, பீ, ஓ என்னும் சிறிய எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே அங்கு பதிவாகின்றது. எழுத்துருவை அகற்றினால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கிலக் கோவையே.

இதன் விளைவு வரிசைப்படுத்தலில் தெளிவாகப் புலப்படும. பாமினியில் எகர, ஏகாரக் குறிகள் மெய்க்கு முன்னரே தட்டப்படுகின்றன. அக்குறிகளுக்குரிய விசை ஆங்கில ‘என்’ ஆகும். எனவே ‘நெடுந்தீவு’, ‘வேலணை’ ஆகிய இரண்டும் ‘என்’ என்பதன் கீழ் அடுத்தடுத்து நிற்கும். நகரத்தில் தொடங்கும் ‘நயினாதீவு’ ஆங்கில ‘ஈ’யின் கீழ்ச் சென்றுவிடும். இடையிலே க, ப, த, ம ஆகியவற்றில் தொடங்கும் பெயர்கள் புகுந்துகொள்ளும். அகரவரிசை குலைந்த பட்டியலிற் பெயரைத் தேடுபவர் அதனைக் காணாது, ‘பதிவில்லை’ என்று கூறிவிடுதல் இயல்பே.

1991 இல் வெளியான ஒருங்குறித் தரத்திலே தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்கள் ஒதுக்கப்பட்டன. இலங்கையில் 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ்த் தகவல் தொழினுட்ப நியமம் வெளியாயிற்று. ஒருங்குறியில் மெய் முதலிலும் உயிர்க்குறி பின்னருமாகச் சேமிக்கப்படுவதால் மேற்கூறிய குழப்பம் நீங்குகின்றது. எனினும் ஒருங்குறியின் எண்வரிசை நெடுங்கணக்கு வரிசையன்று. அங்கே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வருகின்றன. ஆதலின் தரவுத்தளத்திலே தமிழ் வரிசைமுறையைத் தனியே வரையறுத்தல் அவசியமாகின்றது.

பழைய கோப்புகளை மாற்றும் மென்பொருள்கள் உள. ஆயினும் தமிழினிடையே உண்மையான ஆங்கிலச் சொல்லொன்று இருப்பின், அதனையும் அவை தமிழெனக் கொண்டு சிதைத்துவிடக்கூடும். மாற்றியபின் மூலத்துடன் ஒப்புநோக்கும் பணியை மனிதரே செய்தல் வேண்டும். திட்டச் செலவில் இயந்திரத்துக்கு ஒதுக்கப்படும் பணத்தோடு இவ்வுழைப்புக்கும் பங்கு இருத்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

இரண்டாவது சிக்கல் ஆங்கில எழுத்துக்கூட்டல் பற்றியது. ஒல்லாந்தர் தம் நாட்டு நகர்களின் பெயர்களைத் தீவுகளுக்கு இட்டனர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. ஊர்காவற்றுறைக்கோ கயிற்ஸ் என்னும் பெயரும் வழங்குகின்றது. ஒரே ஊர் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயராலும் விண்ணப்பத்தில் மற்றொரு பெயராலும் குறிக்கப்படலாம். ஆட்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் இவ்வாறே வேறுபடும். ஆகவே தமிழ்ப் பெயரும் ஆங்கில வடிவமும் தனித்தனிப் புலங்களிற் சேமிக்கப்பட்டு, மாறாத பதிவிலக்கம் ஒன்றினால் இணைக்கப்படுதல் தகும். 1987 இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அவ்வுரிமை தாளில் மட்டுமன்றித் தரவுத்தளத்திலும் நடைமுறைப்படல் வேண்டும்.

மூன்றாவது, அணுகுதல் பற்றியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன தேசிய மின்வலையமைப்புடன் இணையாது, நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தன. சூரிய ஒளி, காற்று என்பவற்றையும் பயன்படுத்தும் கலப்பு மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 இலேயே ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 2020 இன் பெருந்தொற்றுக் காலத்திற் கற்பித்தல் இணையவழிக்கு மாறியபோது, மின்னும் அலைவரிசையும் கல்வியின் முன்நிபந்தனைகளாயின. எனவே முறைமையின் பக்கங்கள் சிறிய கைபேசியிலும் விரைந்து திறக்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும். இணைப்பு இடையில் அறுந்தாலும் நிரப்பிய படிவம் அழியாதிருத்தல் வேண்டும். இவை தலைநகரில் வசதியாகத் தோன்றலாம். தீவிலே அவை தேவைகளாகும்.

இறுதியாகப் பாதுகாப்பு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1990-1991 இடப்பெயர்வுகளின்போது தீவக மக்கள் பலர் கையிலகப்பட்டவற்றுடன் வெளியேறினர். ஒரே படி ஒரே இடத்தில் இருப்பதன் அபாயத்தை எமது சமூகம் நன்கறியும். கணினிப் பதிவும் இவ்விதிக்கு விலக்கன்று. வெவ்வேறு இடங்களில் படிகள் பேணப்படுவதுடன், அவற்றிலிருந்து தரவை மீட்கமுடிகின்றதா எனக் காலந்தோறும் சோதிக்கப்படுதலும் வேண்டும்.

ஆகவே நவீனப்படுத்தலின் ஒழுங்கு தரவிலிருந்து தொடங்கி இயந்திரத்துக்குச் செல்வதாக அமைதல் வேண்டும் என்பதே எமது முடிபு. நெடுந்தீவு மாணவி ஒருத்தி தன் பெயரைத் தமிழிலே தட்டித் தன் பெறுபேற்றை ஊரிலிருந்தே பெற இயலுமாயின், அம்முறைமை நவீனமானது எனலாம்.