உடையார்கட்டின் எதிரடி

பூமி உருண்டையானது என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும், தாம் நிற்கும் நிலத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் உள்ள இடம் எது என்று கேட்டால், தயங்காது விடை கூறுவோர் சிலரே. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருந்தெருவில், வன்னியின் வயல்களுக்கிடையே அமைந்தது உடையார்கட்டு. அங்கு ஒருவர் இவ்வினாவுக்குக் ‘கனடா’ என்று விடை கூறினால் வியப்பதற்கில்லை. இங்கு நண்பகலாகும்போது ரொறன்ரோவில் இரவு. உற்றார் பலர் சென்று வாழும் தூர தேசமும் அதுவே. எனினும் அவ்விடை சரியன்று.

ஓரிடத்திலிருந்து பூமியின் மையத்தினூடாக நேர்கோடொன்றை வரைந்தால், அக்கோடு மறுபுறத்தில் வெளிப்படும் புள்ளியே அவ்விடத்தின் எதிரடி. இரு முனைகளிலும் நிற்போரின் பாதங்கள் ஒன்றையொன்று நோக்கியிருக்கும் என்பதால் இப்பெயர் பொருந்தும். இதனைக் கண்டறிய மண்வெட்டியோ அலவாங்கோ வேண்டியதில்லை. ஒரு தேசப்படமும் சிறிய கழித்தற் கணக்கும் போதும்.

உடையார்கட்டு ஏறக்குறைய வடக்கு 9.4 பாகை அகலக்கோட்டிலும் கிழக்கு 80.6 பாகை நெடுங்கோட்டிலும் உள்ளது. அகலக்கோட்டின் எண்ணை மாற்றாது, வடக்கைத் தெற்கு ஆக்குதல் வேண்டும். நெடுங்கோட்டின் எண்ணை 180இலிருந்து கழித்து, கிழக்கை மேற்கு ஆக்குதல் வேண்டும். எனவே எதிரடி தெற்கு 9.4 பாகையிலும் மேற்கு 99.4 பாகையிலும் அமைகின்றது. அது பசுபிக் சமுத்திரத்தின் நடுவே ஓரிடம். பெரு நாட்டின் கரை அதற்குக் கிழக்கே 2,000 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. மிக அண்மையில் உள்ள கலாபகோஸ் தீவுகளே சுமார் 1,300 கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றன.

இக்கணக்குக்குச் சூரியனும் சான்று பகரும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், பகல் 12 மணி 8 நிமிடமளவில், உடையார்கட்டில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். முற்றத்தில் செங்குத்தாக நாட்டிய தடியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். அவ்வேளையில் அத்தடியைப் பூமியினூடே நீட்ட முடியுமாயின், அது சென்று வெளிப்படும் கடலில் நடு இரவாக இருக்கும். அங்கு சூரியன் நேர் காலடியின் கீழ் இருக்கும்.

பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீற்றர். ஆகவே எதிரடிக்குச் செல்லும் வழி, எத்திசையில் புறப்பட்டாலும், ஏறக்குறைய 20,000 கிலோமீற்றரே. அங்கிருந்து திரும்புவோர்க்கும் அவ்வாறே. எத்திசையில் சென்றாலும் ஊருக்கு ஒரே தூரம். பூமியின் மேற்பரப்பில் அதனினும் தொலைவான இடம் கிடையாது.

ரொறன்ரோவோ சுமார் 13,800 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. அது எதிரடிக்குரிய தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சற்றே கடந்ததாகும். அந்நகரம் உடையார்கட்டைப் போலவே வட அரைக்கோளத்திலும் அமைந்துள்ளது.

2009ஆம் ஆண்டுப் போரில் உடையார்கட்டு மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். பின்னர் மீண்டு வந்து வயல் செய்தோரும் உண்டு. கடல் கடந்து சென்றோரும் உண்டு. சென்றோர் உலகின் மறுகோடிக்கே போய்விட்டனர் என்று பெற்றோர் நெஞ்சம் ஏங்குவது இயல்பே. ஆயினும் அந்த மறுகோடியில் ஆழ்கடல் அன்றி வேறில்லை. குடியேற ஒரு திட்டு நிலமும் அங்கில்லை. ஆதலால் எந்நாட்டில் வாழ்ந்தாலும், ஊரின் பிள்ளைகள் அனைவரும் அந்த எதிரடியிலும் அண்மையிலேயே இருக்கின்றனர்.