பல் போனால் சொல் போகுமா?



"பல் போனால் சொல் போச்சு" என்பது முதுமொழி. சொல் மட்டுமா போகிறது? சோறும் போகிறது, சிரிப்பும் போகிறது. இதை என் பாட்டியிடம் நேரில் கண்டேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் பல்லாண்டுகள் தையல் வேலை பார்த்தவர் அவர். முன்பற்கள் இரண்டு விழுந்த நாள் முதல் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டே பேசுவார். செலவு குறைவு என்று, பட்டம் எதுவும் பெறாத ஒருவரிடம் பல் கட்டிக்கொண்டார். அவர் பிளாஸ்டிக் பல்லைக் கழற்ற முடியாதபடி பக்கத்துப் பற்களோடு ஒட்டிவிட்டார். இடுக்கில் உணவு தங்கி, சில மாதங்களில் ஈறு வீங்கிச் சீழ் பிடித்தது. நன்றாக இருந்த பக்கத்துப் பல்லும் ஆடத் தொடங்கியது. அதன் பிறகே பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அங்கே அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஒரு பல் விழுந்தால் அந்த இடம் வெறுமனே காலியாக நிற்பதில்லை. இரு பக்கத்துப் பற்களும் இடைவெளியை நோக்கிச் சாயும். எதிர்வரிசைப் பல் மெல்ல நீண்டு வரும். வேலையற்றுப் போன தாடை எலும்பும் நாளடைவில் தேயும். ஆகவே கடைவாய்ப் பல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிடக் கூடாது.

இழந்த பல்லை ஈடுசெய்ய மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, கழற்றி மாட்டும் பல் செட். நம் ஊரில் ஷூ தைப்பவர்கள் பாதத்தின் வடிவிலான அச்சின்மேல் தோலை இழுத்துப் பொருத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பல் செட்டும் அவ்வாறே ஈறின் அச்சை எடுத்து, அதன்மேல் உருவாக்கப்படுகிறது. செலவு குறைவு. ஆனால் புதுச் செருப்பு கடிப்பதுபோல முதலில் இதுவும் கடிக்கும். மருத்துவரிடம் காட்டித் தேய்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். கொதிநீரில் போட்டால் வளைந்துவிடும்.

இரண்டாவது, பாலம். இரு பக்கத்துப் பற்களையும் சீவி, அவற்றின்மேல் உறை மாட்டி, நடுவே செயற்கைப் பல்லைத் தாங்கச் செய்வர். இதைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் நல்ல பற்களைச் சீவ நேர்வது இதன் குறை.

மூன்றாவது, இம்பிளான்ட். டைட்டானியம் உலோகத் திருகை எலும்பில் பதித்து, எலும்பு அதனோடு சேர்ந்ததும் மேலே பல் பொருத்துவர். இதற்குப் பெரும்பாலும் சில மாதங்கள் ஆகும், செலவும் அதிகம். எலும்பு போதிய அளவு இருக்க வேண்டும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்க்கும் புகை பிடிப்பவர்க்கும் இது தோல்வியுறும் வாய்ப்பு மிகுதி.

இம்முறை பிறந்த கதை வியப்பானது. 1952இல் சுவீடன் நாட்டு மருத்துவர் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் ஆராய்ச்சிக்காக டைட்டானியக் கருவியொன்றைப் பதித்தார். பிறகு கழற்ற முயன்றால் வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிப் போயிருந்தது! 1965இல் முதன்முதலாக மனிதர் ஒருவருக்கு இம்முறையில் பல் பொருத்தினார். அந்நோயாளி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவற்றோடு வாழ்ந்தார்.

இவற்றுள் எது தமக்கு ஏற்றது என்பதை யாரிடம் கேட்பது? பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்து, நீட் தேர்வெழுதி, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தாண்டுகள் பி.டி.எஸ். படித்தவர் பல் மருத்துவர். அதற்கு மேலும் மூன்றாண்டுகள், பல் இழந்தோர்க்குப் பல் அமைக்கும் 'பிராஸ்தோடான்டிக்ஸ்' துறையில் எம்.டி.எஸ். முடித்தவரே இதில் சிறப்பு மருத்துவர். பெயர்ப் பலகையில் பட்டத்தையும் பதிவு எண்ணையும் பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும்!

பெண்களுக்கு மருத்துவம் எதற்கு என்று பலர் கேட்ட காலத்தில், 1918இலேயே வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார் டாக்டர் ஐடா ஸ்கடர். அந்த மண்ணில் வளரும் நமக்கு இப்படிப்பு எட்டாக் கனியன்று.

என் பாட்டிக்குச் சர்க்கரை நோய் உண்டு. எங்களிடம் பணமும் அதிகம் இல்லை. மருத்துவர் பல் செட்டே போதும் என்றார். சில நாள் கடித்தது, பேச்சும் குழறியது. மருத்துவர் சொன்னபடி பாட்டி நாளிதழை உரக்கப் படித்துப் பழகினார். இப்போது முந்தானை தோளில்தான் இருக்கிறது, வாய்க்குப் போவதில்லை.

தோழியரே, விலை உயர்ந்த பல்தான் நல்ல பல் என்பதில்லை. நமக்குப் பொருந்துவதே நல்லது. எனினும் இயற்கை தந்த பல்லுக்கு ஈடு எதுவுமில்லை. காலையும் இரவும் துலக்குவோம். வீட்டுப் பெரியவர்கள் வாயை மறைத்துச் சிரித்தால், கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.