வாத்துக் கொட்டிலும் இரவுக் காவலும்

குளம், குட்டை, வாய்க்கால் முதலிய நீர்வசதியுள்ள கிராமங்களில், நிலமுள்ள குடியானவர் ஒவ்வொருவரும் தம் கொல்லையில் பத்து இருபது வாத்துக்களை அதிகச் செலவின்றி வளர்க்கலாம். நத்தை, புழு, பூச்சி, சிந்திய நெல் ஆகியவற்றைப் பொறுக்கித் தின்று, வாத்துக்கள் தமக்கு வேண்டிய இரையின் பெரும்பகுதியைத் தாமே தேடிக்கொள்ளும். ஆயினும், ஆவலுடன் வாத்து வளர்க்கத் தொடங்கியவர்களில் அநேகர் சில மாதங்களுக்குள் அதைக் கைவிட்டு விடுகின்றனர். இரவில் நாயோ, நரியோ புகுந்து வாத்துக்களை அழித்துவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

அறுவடையான வயல்களில் நூற்றுக்கணக்கான வாத்துக்களை ஓட்டிச் சென்று மேய்ப்போர், இரவில் அவற்றைப் பட்டியில் அடைத்து, அருகிலேயே படுத்துக் காவல் காப்பர். கொல்லையில் சில வாத்துக்களை வளர்ப்பவர் அவ்விதம் நாள்தோறும் விழித்திருத்தல் இயலாது. அவருக்குக் காவற்காரன் கொட்டிலே. வாத்துக்கள் வெளியே போகாமல் தடுப்பது மட்டும் கொட்டிலின் வேலையன்று. வெளியே உள்ள ஜந்து உள்ளே புகாமல் தடுப்பதே அதன் முதல் வேலை. இந்த வேறுபாட்டை உணராமல் கட்டப்படும் கொட்டிலினால் பயனில்லை.

பகைகளும் அவை புகும் வழிகளும்

கோழி மரத்திலோ பரணிலோ ஏறி அடையும். வாத்தின் கால்விரல்கள் சவ்வினால் இணைக்கப்பட்டிருப்பதால் அது கிளையைப் பற்றி அமர மாட்டாது, தரையிலேயே உறங்கும். தன்னைக் காத்துக்கொள்ள அதற்குக் கூரிய அலகும் இல்லை, நகமும் இல்லை. இருளில் மிரண்டால் வாத்துக்கள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு மிதிபட்டுச் சாவதும் உண்டு. பிழைத்தவையும் சில நாட்கள் முட்டையிடுவதைக் குறைத்துவிடும்.

பகை ஜந்துக்கள் புகும் வழிகள் மூன்று. நாய், நரி, பெருச்சாளி ஆகியவை தோண்டிப் புகும். கீரியும் பாம்பும் சந்துகளில் நுழைந்து புகும். மரநாயும் காட்டுப்பூனையும் ஏறிப் புகும். சேதத்தின் குறியைக் கொண்டு வந்த பகை இன்னதென்று ஒருவாறு ஊகிக்கலாம். பல வாத்துக்கள் கடியுண்டு தின்னப்படாமல் கிடந்தால் பெரும்பாலும் அது நாயின் செயல். ஒன்றிரண்டு முழுதும் மறைந்து, சிறகுகள் மட்டும் வேலியோரம் கிடந்தால் நரி அல்லது காட்டுப்பூனை என்று கருதலாம். ஓடும் மிஞ்சாமல் முட்டைகள் காணாமற்போனால் பாம்பின் மீது ஐயங்கொள்ளலாம். எது வந்ததாயினும், அது வந்த வழியைக் கண்டு அடைப்பதே செய்யத்தக்கது.

இடமும் அளவும்

மழைநீர் தேங்காத மேட்டு நிலத்தில், வீட்டிலிருந்து சத்தம் கேட்கக்கூடிய தூரத்தில் கொட்டில் இருத்தல் வேண்டும். கூரையின்மேல் மரக்கிளை கவிந்திருக்கலாகாது. அது மரநாய்க்குப் பாலமாகும். கொட்டிலின் நீண்ட பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் வெயிலின் கடுமை குறையும்.

இரவில் தங்குவதற்கு ஒரு வாத்துக்கு 4 சதுர அடி இடம் போதும். ஆகவே 20 வாத்துக்களுக்கு 10 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள கொட்டில் தேவையாகும். பகலில் உலாவ ஒரு வாத்துக்கு 15 சதுர அடி வீதம், 20 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்ட முற்றம் அமைத்து வேலியிடலாம்.

தரையும் அடிச்சுவரும்

மண்தரை மலிவானது, ஆனால் பெருச்சாளி ஒரே இரவில் அதைத் துளைத்துவிடும். அவ்வளையே பின்னர்க் கீரிக்கும் பாம்புக்கும் வாயிலாகிறது. ஆகையால் தரையில் செங்கல்லைப் படுக்க வைத்துப் பரப்பி, சிமிட்டிச் சாந்தினால் சந்துகளைப் பூசுதல் வேண்டும். 9 அங்குல நீளமும் 4½ அங்குல அகலமும் உள்ள செங்கல்லானால் மேற்கூறிய கொட்டிலின் தரைக்கு ஏறக்குறைய 285 போதும். கழுவும் நீர் வடிவதற்கு வாயிற்பக்கம் சிறிது சரிவு இருக்கட்டும். தரையின்மேல் உமியோ வைக்கோலோ பரப்பி, நனைந்தபோதெல்லாம் மாற்ற வேண்டும்.

அடிச்சுவரைத் தரைமட்டத்திற்குக் கீழே 1½ அடியும் மேலே 2 அடியும் செங்கல்லால் எழுப்புதல் உத்தமம். மேலுள்ள சுவர் மழைச்சாரலைத் தடுப்பதுடன் உறங்கும் வாத்துக்களை வெளி ஜந்துக்களின் கண்ணிலிருந்தும் மறைக்கும். அவ்வளவு ஆழம் அஸ்திவாரம் போட இயலாதவர்கள், 1½ அடி அகலமுள்ள கம்பிவலையைச் சுவரின் அடியோடு பிணைத்து, வெளிப்புறமாகத் தரையில் படுக்க வைத்து, மேலே 3 அங்குலம் மண்ணிட்டு மூடலாம். தோண்டும் ஜந்து சுவரின் ஓரத்திலேயே தோண்டத் தொடங்கும். வலை தடுத்தவுடன் சற்றுப் பின்வாங்கித் தோண்ட வேண்டுமென்ற எண்ணம் அதற்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை.

கம்பிவலை

அடிச்சுவருக்கு மேல் 4 அடி உயரம் வரை, எதிரெதிரான இரண்டு பக்கங்களிலாவது, காற்று வருவதற்குக் கம்பிவலை அமைத்தல் வேண்டும். வாத்தின் எச்சத்தில் ஈரம் மிகுதி. காற்றில்லாத கொட்டிலில் நோய் உண்டாகும். இவ்விடத்திலேதான் பலர் தவறு செய்கின்றனர். கடைகளில் கோழிவலை என்று விற்கப்படும் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய வலை, பறவையை உள்ளே நிறுத்துமேயன்றிப் பகையை வெளியே நிறுத்தாது. நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். கம்பிகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட, துத்தநாகம் பூசிய, அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள வலையே தக்கது. அதன் விலை சற்று அதிகமாயினும் ஒரே இரவின் நஷ்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் பொருத்தி, விளிம்பின்மேல் மரப்பட்டை வைத்து ஆணியடித்தல் வேண்டும். அப்பொழுது வெளியிலிருந்து மோதும் ஜந்து வலையைச் சட்டத்தோடு அழுத்துமே தவிரப் பெயர்க்க மாட்டாது.

கூரையும் கதவும்

கீற்றுக் கூரை குளிர்ச்சியானது. ஆனால் மரநாய் கீற்றை விலக்கியும் நாட்டு ஓட்டைப் புரட்டியும் இறங்கிவிடும். எக்கூரையாயினும் அதன் கீழே அதே கம்பிவலையை விரித்து, சுவரோடு இடைவெளியின்றிச் சேர்த்துவிட்டால் அந்த வழி அடைபடும்.

காலையில் வாத்துக்கள் ஒரே கூட்டமாக நெருக்கிக்கொண்டு வெளிவரும். ஆகவே கதவு 3 அடி அகலமாவது இருக்க வேண்டும். வாத்தின் கால்கள் எளிதில் ஊனமடையக் கூடியவையாதலால் படியின்றிச் சரிவுப்பலகை வைத்தல் நலம். கதவு வெளிப்பக்கம் திறப்பதாயிருந்தால், தள்ளும் நாயே அதை மேலும் இறுக்கி மூடும். கதவின் அடியில் அரை அங்குலத்திற்கு மேல் சந்து இருக்கலாகாது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தாழ்ப்பாள்கள் அவசியம்.

நாள்தோறும் செய்யவேண்டுவன

எவ்வளவு உறுதியான கொட்டிலும் கதவு மூடப்படாத இரவில் பயனற்றதே. பொழுது சாயும் வேளையில் தினந்தோறும் சிறிது நெல்லோ தவிடோ கொட்டிலினுள் வைத்து அழைத்தால், சில நாட்களில் வாத்துக்கள் தாமே வந்து அடையும். எண்ணிப் பார்த்த பின்னரே தாழிடுதல் வேண்டும். வாத்துக்கள் பெரும்பாலும் காலை 9 மணிக்குள் முட்டையிட்டு விடுமாதலால், அதுவரை அடைத்து வைத்தால் முட்டைகள் வயலிலும் குட்டையிலும் வீணாகாமல் கொட்டிலிலேயே கிடைக்கும். தண்ணீர்ப் பாத்திரம் வாத்து தன் அலகை முழுதும் அமிழ்த்தக்கூடிய ஆழமுள்ளதாயிருக்க வேண்டும். குஞ்சுகளுக்குப் பகலிலும் பருந்து, காகங்களின் பயமுண்டு. அவை வளரும் வரை முற்றத்தின்மேல் வலை கட்டுதல் வேண்டும். மாதம் ஒருமுறை வலையையும் ஆணிகளையும் சோதித்துத் துருப்பிடித்த இடங்களைச் சீர்செய்தல் வேண்டும்.

விஷமும் பொறியும் வேண்டா

சேதமுற்ற கோபத்தில் சிலர் விஷம் வைக்கவும் கண்ணி வைக்கவும் முற்படுகின்றனர். கீரி, நரி, காட்டுப்பூனை, மரநாய், உடும்பு ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினால் காக்கப்படுபவை. அவற்றைக் கொல்லுதல் குற்றமாகும். அன்றியும், நரியும் கீரியும் காட்டுப்பூனையும் வயல் எலிகளைப் பிடித்துத் தின்று பயிருக்கு உதவுபவை. விஷமோ ஊர் நாயையும் ஆடுமாடுகளையும் சேர்த்தே கொல்லும். பாதுகாவலான கொட்டில் உள்ளவருக்கு இவ்விரோதம் தேவையில்லை. வாத்தைக் காக்கச் சென்று நாயிடமோ நரியிடமோ கடியுண்டவர், காயத்தைச் சோப்பினால் 15 நிமிஷம் ஓடும் நீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் ஒரு பங்குண்டு. செத்த கால்நடைகளையும் இறைச்சிக் கழிவையும் ஊரோரம் எறியவிடாமல் ஆழப் புதைக்கச் செய்தால் நாய்களும் நரிகளும் ஊரை நாடுவது குறையும். ஊருக்கு ஒரு நல்ல கொட்டிலாவது கட்டப்படுமாறு தூண்டினால் மற்றவர்கள் கண்டு பின்பற்றுவர். கொட்டில் கட்டிய பின் வாத்து வாங்குவதே முறை. வாத்து போன பின் கொட்டில் கட்டுவது எவருக்கும் லாபமன்று.